பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னேன்

ஜன்னல்களுக்குக் கறுப்புச் சார்ட் ஒட்டிக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமை மதியம். எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் கல்வித் தொழில்நுட்பக் கூடத்துக்கு ஆறு ஜன்னல்கள். பேர்தான் பெரிது. உள்ளே இருப்பது ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளைத் திரை, முன்பு படித்தவர்கள் விட்டுப்போன தெர்மகோல் எரிமலை ஒன்று. வெயிலில் டேப் இளகி, ஒரு சார்ட்டை ஒட்டினால் இன்னொன்று உரிந்து தொங்கியது. கடைசி ஜன்னலில் இரண்டு மாணவிகள் சார்ட்டை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடியே நின்றார்கள். படம் முடியும்வரை நிற்கிறோம் என்றார்கள்.

கதவைச் சாத்துவதா, திறந்து வைப்பதா என்பதில் எனக்குக் குழப்பம். சாத்தினால் ஏதோ ஒளித்துப் பார்ப்பது போலிருக்கும். திறந்தால் வெளிச்சம். மூன்று முறை சாத்தி, மூன்று முறை திறந்தேன். கடைசியில் ஒரு செருப்பை இடுக்கில் வைத்து ஒரு சாண் மட்டும் திறந்து வைத்தேன்.

பி.எட். இரண்டாம் ஆண்டு. நாற்பத்தாறு பேர். பாடம் பாலினமும் பள்ளியும். அதில் பால், பாலினப் பன்மை பற்றி ஒரு பக்கம் வருகிறது. அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் இந்த இருட்டு.

குனிந்தே இருந்த தலைகள்

முந்தைய வருடம் அதே பக்கத்தை நான் நோட்ஸாகச் சொல்லிக் கொடுத்தேன். திருநங்கை, திருநம்பி, ஊடுபால், தன்பாலீர்ப்பு என்று ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு வரி. ஒருவர்கூட நிமிரவில்லை. 'தன்பாலீர்ப்பு' என்றதும் ஒருத்தி மட்டும் எழுந்து, "மேடம், இது ரெண்டு மார்க்கா அஞ்சு மார்க்கா?" என்று கேட்டாள்.

எனக்கு அப்போது சித்தன்னவாசல் ஞாபகம் வந்தது. ஆறாம் வகுப்பில் சுற்றுலா போனோம். எங்கள் டீச்சர் குகைக்குள் நின்று ஓவியங்களைப் பற்றிச் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதினோம். தாமரைக் குளம், மீன்கள், பூப் பறிக்கும் துறவிகள் என்று எழுதி முடித்து வெளியே வந்து பஸ் ஏறிவிட்டோம். ஓவியம் தலைக்கு மேல், விதானத்தில் இருந்தது. நான் அதைப் பார்த்தது கல்யாணத்துக்குப் பிறகு.

அந்த டீச்சரைப் போலவே நானும் ஆகிவிட்டேனோ என்று தோன்றிய பிறகுதான் படம் போடலாம் என்று முடிவு செய்தேன்.

எங்கள் வீட்டில் படம் பார்ப்பது சாதாரண விஷயமில்லை. ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். வருடத்துக்கு ஒரு முறை கோயில் வளாகத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போடுவார்கள். கணவனும் மனைவியும் நெருங்கி நிற்கும் காட்சி வந்தால், புரொஜெக்டர் அருகே உட்கார்ந்திருக்கும் அருட்சகோதரி லென்ஸுக்கு முன்னால் கையை வைத்துவிடுவார். திரை முழுக்க ஐந்து பெரிய விரல்கள் தெரியும். நாங்கள் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு, பின்னால் என்ன நடக்கிறது என்று யோசித்துக்கொண்டே இருப்போம். என் குழந்தைப் பருவத்தின் பெரும்பாலான கேள்விகள் அந்த விரல்களுக்கு நடுவில்தான் பிறந்தன.

இரண்டு படங்கள்

திருச்சியில் என்னோடு படித்த தோழி ஒருத்தி நண்பர்களோடு சேர்ந்து எடுத்த குறும்படங்கள் அவை. ஐந்து முறை வீட்டில் போட்டுப் பார்த்தேன். என் மகள் தூங்கும் நேரமாகப் பார்த்து, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு. அவளுக்கு நான்கு வயது. அவள் பார்த்தால்தான் என்ன என்றும் தோன்றியது. ஆனாலும் குறைத்தே வைத்திருந்தேன்.

முதல் படத்தில் ஒரு திருநங்கை, தான் படித்த பள்ளிக்குச் சான்றிதழில் பெயர் மாற்றப் போகிறார். இரண்டாவது படத்தில் இரண்டு பெண்கள் சேர்ந்து தையல் கடை நடத்துகிறார்கள், ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஒருத்தியின் அண்ணன் மாப்பிள்ளை போட்டோவோடு வந்து நிற்கிறான். யாரும் யாரையும் திட்டுவதில்லை. அண்ணன் போனதும் இரண்டு பேரும் பாதியில் நின்ற ஜாக்கெட்டைத் தைக்க உட்காருகிறார்கள். அவ்வளவுதான் கதை.

முதல் படம் முடிந்ததும் எல்லோரும் பேசினார்கள். ஒரு மாணவன் எழுந்து, நாம் ஆசிரியராகப் போனால் இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்து உதவ வேண்டும் என்றான். பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "கண்டுபிடிக்க நீ என்ன போலீஸா?" என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல கேள்வி என்று அதைக் கரும்பலகையில் எழுதியும் வைத்தேன்.

இரண்டாவது படம் முடிந்தபோது மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ களுக்கென்று சிரிக்கத் தொடங்கி, துணைக்கு ஆள் இல்லாமல் நிறுத்திக்கொண்டார்கள். திருநங்கைக்கு இரங்கத் தெரிந்த அதே வகுப்புக்கு, தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கும்தான் தெரியவில்லை.

ஆளுக்கு ஒரு அரைத்தாள் கொடுத்தேன். "பேரு எழுத வேண்டாம். நம்பரும் வேண்டாம். மனசுல பட்டத எழுதுங்க" என்றேன். எழுதினார்கள். வாங்கி, மூலையில் துளையிட்டு, டேக் நூலால் கட்டிப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஏழாவது சீட்டு

அன்று சாயங்காலம் மகளுக்குத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டே சீட்டுகளைப் புரட்டினேன். "யாருக்கும்மா மார்க்கு போடுற?" என்று கேட்டாள். யாருக்கும் இல்லை என்றேன். "அப்பறம் ஏன் படிக்கிற?" என்றாள்.

முதல் ஆறும் ஒரே மாதிரி. 'இப்படம் மிகவும் பயனுள்ளதாக அமைந்தது.' 'ஆசிரியர்களாகிய நாம் அனைவரையும் சமமாக நடத்த வேண்டும்.' தேர்வில் எழுதும் தமிழ்.

ஏழாவது சீட்டில் மூன்று வரி.

'ரெண்டாவது படத்துல வர்ற பொண்ணு நான்தான் மேடம். இத இதுவரைக்கும் எங்கயும் எழுதுனதில்ல. எழுதிப் பாக்குறேன்.'

கையிலிருந்த பருக்கை தாளில் விழுந்தது. முதலில் வந்தது மகிழ்ச்சி. அதை மறைக்கப் போவதில்லை. படம் வேலை செய்திருக்கிறது, ஒரு பக்க நோட்ஸால் முடியாததை இருபது நிமிடத் திரை செய்திருக்கிறது என்று பெருமையாக இருந்தது.

அடுத்த சீட்டைப் புரட்டினேன். மேலே '8' என்று எழுதி, அடித்திருந்தது. பழக்கதோஷத்தில் தன் வரிசை எண்ணைப் போட்டுவிட்டு, நான் சொன்னது நினைவு வந்து அடித்திருக்கிறாள்.

எட்டாவது சீட்டில் எட்டு.

பெயர் வேண்டாம், எண் வேண்டாம் என்று சொன்ன நான், வாங்கும்போது வழக்கம்போல, "ஒன்னுலேருந்து வரிசையா கொண்டாங்க" என்றிருக்கிறேன். ரெக்கார்டு நோட்டு வாங்குவது போலவே வாங்கி, வரிசை கலையாமல் நூலும் கட்டியிருக்கிறேன். ஆசிரியர் வேலையில் இருக்கும் எவரும் இதைப் புரிந்துகொள்வார்கள். வாய் ஒன்று சொல்லும், கை தன் பாட்டுக்கு அடுக்கும்.

ஏழாம் எண் யார் என்று யோசிக்காமல் இருக்க முயன்றேன். யோசிக்காமல் இருக்க முயல்வதற்குள் முகம் வந்துவிட்டது.

அவளைத் தேன்மொழி என்று வைத்துக்கொள்கிறேன். எண்ணையும் ஊரையும் வேறு சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். இந்த அத்தியாயத்தை அச்சுக்கு அனுப்பும் முன் அவள் படித்தாள். இரண்டு வரிகளை அடித்தாள். அவை இங்கே இல்லை.

ஃபைல்

எங்கள் கல்லூரியில் எது நடந்தாலும் அதற்கு ஒரு ஃபைல் உண்டு. அறிக்கை, போட்டோ, வருகைப் பதிவு, மாணவர்களின் கருத்துத் தாள். எல்லாம் திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். ஆய்வுக் குழு வந்தால் காட்ட.

அலுவலகத்தில் அந்த ஃபைல்களைப் பார்ப்பவர் தேன்மொழிக்கு அண்ணன் முறை. அவளைக் கல்லூரியில் சேர்க்க அழைத்து வந்தவரே அவர்தான். வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். படிப்பு முடியட்டும் என்ற ஒரே காரணத்தால் அது தள்ளிப்போயிருந்தது. அந்தச் சீட்டு அலுவலகத்தில் படிக்கப்பட்டால் அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடும். அதோடு படிப்பு நின்றுவிடும். மற்றது தானாக நடக்கும்.

சீட்டுகளைக் கலைத்துப் போட்டுக் கொடுக்கலாமா என்று பார்த்தேன். பி.எட். பிள்ளைகளின் கையெழுத்து கல்லூரிச் சுவரெல்லாம் சார்ட்டாகத் தொங்குகிறது. கலைத்துப் பயனில்லை. அந்த ஒன்றை மட்டும் எடுத்தால் வருகைப் பதிவோடு எண்ணிக்கை இடிக்கும்.

திங்கட்கிழமை முதல்வர் அம்மா அறைக்குப் போய், என் மகள் சீட்டுகள் மேல் பாலைக் கொட்டிவிட்டாள் என்று சொன்னேன். இத்தனை வருடப் படிப்பிலும் ஐந்து வருட வேலையிலும் மேலிடத்தில் நான் சொன்ன முதல் பொய். அதையும் குழந்தை மேல் போட்டேன்.

"அத்தனையுமா கொட்டுச்சு?" என்றார் முதல்வர்.

"முழு டம்ளர் மேடம்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிம்மா. நீங்களே சுருக்கமா டைப் பண்ணிக் குடுத்துருங்க. அடுத்த தடவ ஃபைல வீட்டுக்குக் கொண்டுபோவாதீங்க" என்றார்.

நம்பினாரா என்று இன்றுவரை தெரியாது. சீட்டுக்கட்டை என் பீரோவில், மகளின் தடுப்பூசி அட்டைக்குக் கீழே வைத்துப் பூட்டினேன். ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பெயரை நகர்த்தினேன்

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் என்னைப் பற்றி நல்லவிதமாக ஒரு அத்தியாயம் எழுதியிருக்கலாம்.

அடுத்த வாரம் கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளி ஒதுக்கும் வேலை. யார் எந்தப் பள்ளியில் போய்ப் பாடம் நடத்துவது என்று பட்டியல் போடும் பொறுப்பு எனக்கு. முதல் பட்டியலை வகுப்பில் ஏற்கெனவே படித்துவிட்டேன். தேன்மொழிக்கு டவுனில் ஒரு பெண்கள் பள்ளி. அவள் ஹாஸ்டலிலிருந்து நடந்தே போகலாம்.

இறுதிப் பட்டியலைத் தயார் செய்யும்போது அந்தப் பெயர் அருகே என் பேனா நின்றது.

பெண்கள் பள்ளி. எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகள். நாளைக்கு எப்படியோ விஷயம் வெளியே தெரிந்து, யாராவது ஏதாவது சொன்னால்? அவளுக்குத்தானே கெட்ட பெயர்? அவள் நல்லதுக்குத்தான் என்று எனக்கு நானே சொன்னேன். அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. என் மகள் அந்தப் பள்ளியில் படித்தால் என்ற நினைப்பு. அதை இன்று எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. அன்று அது எனக்குத் தாயின் கவலையாகத் தெரிந்தது.

பெயர் சொல்லாமல் என் கணவரிடம் கேட்டேன். அவர் வேளாண் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். எதையும் நேராகக் கேட்பார்.

"அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு?"

"ஒன்னும் பண்ணல."

"ஒன்னும் பண்ணாததுக்கு எதுக்கு மாத்துற?"

உங்களுக்கு இதெல்லாம் புரியாது என்று சொல்லிவிட்டு, மறுநாள் மாற்றினேன். குன்றாண்டார்கோவில் பக்கம், ஆணும் பெண்ணும் படிக்கும் ஒரு கிராமத்துப் பள்ளி. இரண்டு பஸ் மாற வேண்டும். பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். நாற்பத்தாறு பெயரில் இடம் மாறியிருந்தது ஒரே ஒரு பெயர்.

பலகைக்கு முன்னால் கூட்டம். நான் ஸ்டாஃப் ரூம் ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏன்டி, ஒன்ன மட்டும் அங்கிட்டுத் தூக்கி அடிச்சுட்டாங்க? மேடத்துக்கு ஒம்மேல என்னடி காண்டு?"

தேன்மொழி, "பஸ் பாஸ் இருக்குல்ல, அதான்" என்று சொல்லிச் சிரிப்பது கேட்டது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தை நான் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"என் சீட்டப் படிச்சீங்களா மேடம்?"

எந்தச் சீட்டு என்று கேட்க வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். "படிச்சேன்."

"நான்தான்னு தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சு. தெரிஞ்சிருக்கக் கூடாது. வரிசையா வாங்குனது என் தப்பு. அத யாருகிட்டயும் குடுக்கல, பத்திரமா இருக்கு" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் குழாயைத் திருகி மூடினாள். நான் திறந்தபடியே விட்டிருந்தேன்.

"வரிசையாத்தான் வாங்குவீங்கன்னு தெரியும் மேடம். ரெண்டு வருசமா பாக்குறோம்ல. எனக்கு முன்னாடி ஆறு பேரு நின்னாங்க. கிழிச்சுப் போட்ருக்கலாம். போடல."

பாத்திரத்தில் மிச்சமிருந்த தண்ணீரைக் கீழே கொட்டினேன்.

"பேரு எழுத வேணாம்னுதான சொன்னீங்க. யாருக்கு எழுதுறோம்னு எழுத வேணாம்னு சொல்லல. மேடம்னு போட்டுத்தான எழுதுனேன்."

உண்மைதான். நாற்பத்தாறு சீட்டில் வேறு எதிலும் 'மேடம்' இல்லை. அதை நான் ஒரு கருத்துத் தாளாகப் படித்திருக்கிறேன். அவள் எனக்கு எழுதியிருக்கிறாள்.

"நீங்க ஏதாச்சும் சொல்லுவீங்கன்னு பத்து நாளு பாத்தேன். லிஸ்ட்டு வந்துச்சு."

உன் நல்லதுக்குத்தான் என்று தொடங்கினேன். யாராவது ஏதாவது சொல்லிவிட்டால், பெண்கள் பள்ளி, பேச்சு கிளம்பினால் என்று எங்கெங்கோ போனேன். நான் பேசி முடித்த பிறகு கேட்டாள்.

"அந்தப் புள்ளைங்கள நான் என்ன பண்ணிருவேன்னு நெனச்சீங்க மேடம்?"

குரலை உயர்த்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள். படம் போட்டவள் நான். இருட்டாக்கியவள் நான். அந்தப் போலீஸ் கேள்வியை நல்ல கேள்வி என்று கரும்பலகையில் எழுதியவளும் நான்.

"தப்பு பண்ணிட்டேன்" என்றேன். "இன்னைக்கே மாத்திடுறேன்."

"வேணாம். இப்ப மாத்துனா ஏன்னு கேப்பாங்க. ஆபீஸ்லயும் கேப்பாங்க. நான் ரெண்டு பஸ்ஸு மாறிப் போய்க்கிறேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் செய்ததை என்னால்கூட அழிக்க முடியாது. அழித்தால் அது இன்னும் நன்றாகத் தெரியும்.

போகத் திரும்பியவள் நின்றாள். "இனிமே என்னையப் பத்தி ஏதாச்சும் தோணுச்சுன்னா என்கிட்டயே கேளுங்க மேடம். நீங்களே பதில் சொல்லிக்காதீங்க."

பின்னங்கள்

பயிற்சிக்குப் போகும் ஒவ்வொருவரையும் ஒரு முறையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். மற்றவர்களுக்கு நான் ஒரு நாள் போனேன். தேன்மொழிக்கு இரண்டு நாள் போனேன். இரண்டாவது நாள் எதற்கு என்று விரிவாகக் காரணம் எழுதினேன். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

ஏழாம் வகுப்பு, கணக்கு. பின்னங்களைக் கூட்டுவது. ஒரு பையன் அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று போட்டிருந்தான். நானாக இருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன். அவள் அவன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, "எப்பிடிப் போட்ட, சொல்லு பாப்போம்" என்றாள். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டினேன் என்றான். "ஓ, அப்பிடியா யோசிச்ச" என்று உண்மையான ஆர்வத்தோடு சொன்னாள். அவன் பாதியில் தானே நிறுத்தி, "இல்ல டீச்சர், அரையவிடக் கொறஞ்சு போச்சே" என்றான்.

மதிப்பீட்டுப் படிவத்தில் நான் நிறைய எழுதினேன்.

திரும்பும்போது ஒரே பஸ். இரண்டு பேர் இருக்கையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அரிசி மூட்டைகளும் கோழிக் கூடை ஒன்றும் ஏறின. வெகுநேரம் நான் வெயிலைப் பற்றிப் பேசினேன். பிறகு, அவள் சொன்னபடி, கேட்டேன்.

இது உனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டேன். ஒன்பதாவது படிக்கும்போது என்றாள். யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டேன். "ஒங்ககிட்டதான்" என்றாள். அந்தப் படம் பிடித்ததா என்று கேட்டேன். கதை சரி, ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஊசியில் நூல் கோர்க்கவே வரவில்லை, அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது என்றாள். படம் பார்த்து ஒருவரும் பேசாமல் இருந்தபோது எப்படி இருந்தது என்று கேட்டேன். அதற்கு மட்டும் யோசித்தாள். யாரும் அசிங்கமாக எதுவும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்ததாகவும், நூற்றுப் பத்துவரை எண்ணியபோது நான் தாள் கொடுக்க ஆரம்பித்ததாகவும் சொன்னாள்.

என் மகளைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். நாளைக்கு அவள் வந்து இப்படி ஒன்று சொன்னால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை என்றும் சொன்னேன். "தெரியலன்னு அவகிட்டச் சொல்லுங்க மேடம். அதுவே போதும்" என்றாள்.

தைரியம் வந்து, யாராவது மனதில் இருக்கிறார்களா என்று கேட்டேன்.

"அது ஒங்களுக்கு எதுக்கு மேடம்?" என்றாள்.

அதுவும் சரிதான் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கீரனூர் தாண்டியது. கோழிகள் சத்தம் போட்டன. எல்லை மீறிவிட்டேனோ, மன்னிப்புக் கேட்பதா, கேட்டால் இன்னும் மோசமாகுமா என்று வழக்கம்போல உள்ளுக்குள் ஓட ஆரம்பித்தது.

அவள் என் முழங்கையை லேசாக இடித்தாள்.

"வேற கேளுங்க" என்றாள்.